டீசல் எஞ்சின் பம்பில் எண்ணெய்க் கசிவு: கண்டறிந்து நிறுத்தும் முறை

மின் இணைப்பு எட்டாத கிணறுகளிலும் ஓடைக் கரைகளிலும் 5 குதிரைத் திறன் டீசல் எஞ்சின்தான் இன்னும் தண்ணீர் இறைக்கிறது. இதில் டீசலை அளந்து, அழுத்தி, நாசிலுக்கு அனுப்புவது எரிபொருள் பம்பு. பம்பைச் சுற்றி எண்ணெய் பிசுபிசுப்பது வழக்கம்தான் என்று பலர் விட்டுவிடுகின்றனர். சொட்டும் இடத்தின் கீழ் ஒரு டப்பாவை ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தால் நஷ்டம் விளங்கும். மணிக்கு 100 மில்லி சேர்ந்தால், நாளுக்கு 6 மணி நேர ஓட்டத்தில் 600 மில்லி. 10 நாளில் 6 லிட்டர். முழுப் பளுவில் இந்த எஞ்சின் மணிக்குச் சுமார் 1 லிட்டர் குடிக்கும். எனவே 10 நாளைக்கு ஒரு முறை ஒரு நாள் பாசனத்துக்கான டீசல் மண்ணில் போகிறது.

இதைவிடக் கேடானது, கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சினுக்குள் இறங்கும் கசிவு. அதையும் சேர்த்துக் கண்காணிக்க வேண்டும்.

கசியும் இடம் எது?

எஞ்சினை நிறுத்தி ஆறவிட வேண்டும். பம்பையும் குழாய்களையும் டீசலில் நனைத்த பிரஷ்ஷால் கழுவி, நூல் பிரியாத துணியால் உலரத் துடைக்க வேண்டும். பிறகு டாங்கின் குழாயைத் திறந்து வைத்து, 10 நிமிடம் கழித்து ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த காகிதத்தை ஒற்றிப் பார்க்கலாம்.

எஞ்சின் ஓடாதபோதே காகிதம் நனைந்தால், கசிவு டாங்கிலிருந்து பம்பு வரையுள்ள பகுதியில் இருக்கிறது. பில்டரின் ரப்பர் வளையம், டீசல் நுழையும் போல்ட்டின் இருபுற வாஷர்கள், காற்று நீக்கும் திருகு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். ஓடும்போது மட்டும் கசிந்தால், பம்பின் தலைப்பகுதியிலோ நாசிலுக்குச் செல்லும் இரும்புக் குழாயிலோ பழுது என்று கொள்ளலாம்.

ஓடும் எஞ்சினில் கசிவை விரலால் தேடக் கூடாது. அந்தக் குழாயில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அளவில் இருக்கும். ஊசிபோல் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். காயம் சிறு புள்ளியாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரலாம். சந்தேகமுள்ள இடத்தில் அட்டைத் துண்டை நீட்டிப் பார்ப்பதே பாதுகாப்பு.

விவசாயியே செய்யக்கூடியவை

தாமிர வாஷர் பல முறை நசுங்கினால் கெட்டிப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு முடுக்கினாலும் கசிவு நிற்காது. புதிய வாஷர் போடுவதே நலம். உடனே கிடைக்காவிட்டால், பழையதைச் செந்நிறமாகக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுக்க வேண்டும். எஃகு அவ்வாறு செய்தால் கெட்டிப்படும், தாமிரமோ இளகும். மேலே படியும் கருப்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துப் போடலாம்.

இரும்புக் குழாயின் நட்டில் கசிந்தால், நட்டைத் தளர்த்தி, குழாயின் கூம்பு முனை நேராக அமரும்படி வைத்து, முதலில் கையால் திருக வேண்டும். பிறகு ஒரு ஸ்பேனரால் கீழேயுள்ள ஹோல்டரைப் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் நட்டை முடுக்க வேண்டும். அளவுக்கு மீறி முடுக்கினால் கூம்பு நசுங்கித் துவாரம் குறுகிவிடும். விரிசல் கண்ட குழாயைப் பற்றவைக்கக் கூடாது. அதே நீளமும் துவார அளவும் உள்ள புதிய குழாயை மாற்ற வேண்டும். நூல் சுற்றுவது, சோப்பு அடைப்பது போன்றவை இந்த அழுத்தத்துக்கு நில்லா. நூல் துணுக்கு நாசிலை அடைத்து வேறு செலவு வைக்கும்.

பழுது பார்த்த பின், காற்று நீக்கும் திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விட்டு முடுக்க வேண்டும்.

மெக்கானிக்கிடம் விட வேண்டியவை

பம்பின் தலையிலுள்ள டெலிவரி வால்வு ஹோல்டரின் அடியில் கசிந்தால், அதைப் பலங்கொண்ட மட்டும் முடுக்குவது ஆபத்து. உள்ளேயுள்ள பேரல் நெளிந்து பிளஞ்சரும் ராக்கும் இறுகிக்கொள்ளும். ராக் சிக்கினால் எஞ்சின் கட்டுக்கு மீறி ஓடி உடையவும் கூடும். பம்பு பழுது பார்க்கும் கடையில், உரிய முடுக்க அளவு தெரிந்தவர்களே இதைச் செய்ய வேண்டும். பம்பைக் கழற்றும்போது அடியிலுள்ள ஷிம் தகடுகளை எண்ணி வைத்து, அதே எண்ணிக்கையில் திரும்பப் போட வேண்டும். மாறினால் டீசல் பாயும் நேரம் மாறிவிடும். எஞ்சினைச் சுற்றுமுன் ராக் தடையின்றி நகர்கிறதா என்று கையால் பார்ப்பது அவசியம்.

ஆயில் ஏறினால் ஆபத்து

பிளஞ்சரும் பேரலும் தேய்ந்தால் டீசல் இடுக்கு வழியே இறங்கி, பம்பு எஞ்சின் உடலோடு பொருந்திய வகைகளில் எஞ்சின் ஆயிலோடு கலக்கும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. தினமும் காலையில் எஞ்சினைச் சுற்றுமுன் ஆயில் பார்க்கும் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தாலும், ஆயில் நீர்த்து டீசல் வாடை வீசினாலும் எஞ்சினை ஓட்டக் கூடாது. நீர்த்த ஆயிலில் ஓடினால் பேரிங்கும் கிராங்க் ஷாப்ட்டும் தேய்ந்து, பெருஞ்செலவில் முடியும்.

நாசில் சொட்டினாலும் இவ்வாறு ஆகும் என்பதால், பம்பு, நாசில் இரண்டையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். பிளஞ்சரும் பேரலும் இணையாகவே தேய்த்துப் பொருத்தப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்ற இயலாது. எலிமென்ட் முழுவதையும் மாற்றி, பழைய ஆயிலை வடித்துப் புதிய ஆயில் ஊற்றிய பிறகே எஞ்சினை ஓட்ட வேண்டும்.