பள்ளிக்கூடத்துப் பாடமும் தாங்கல் படிப்பும்



ஞாயிற்றுக்கிழமை பணிவிடை முடிந்து இனிமம் வாங்கிக்கொண்டு போகும்போது தாய்மார்கள் அடிக்கடி இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். “பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் அய்யாவைச் சீர்திருத்தவாதி என்று போட்டிருக்கிறது, வீட்டில் நாம் அவதாரம் என்கிறோம், பிள்ளை எதை நம்புவான்?” என்பது ஒன்று. “வேறு சமயத்தார் நடத்தும் பள்ளியில் ஜெபத்துக்கு நிற்கச் சொல்கிறார்கள், நிற்கலாமா?” என்பது மற்றொன்று. பள்ளியில் சமயத்தை எப்படிச் சொல்லிக் கொடுக்க வேண்டும், நம் பங்கு என்ன என்று தெளிந்துகொண்டால் இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும். இம்மாதப் பாடம் அதுதான்.

சட்டம் சொல்வது

நம் நாட்டு அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு இதைப் பற்றியது. முழுக்க முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியிலும், அரசு உதவி பெறும் பள்ளியிலும் சமய வகுப்போ வழிபாடோ நடக்கலாம். ஆனால் அதில் கலந்துகொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. மாணவர் சிறு வயதினர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ சம்மதிக்க வேண்டும்.

ஆகவே ஜெப வகுப்புக்குப் பிள்ளையை அனுப்புவதும் அனுப்பாததும் பெற்றோர் கையில் இருக்கிறது. விருப்பம் இல்லை என்றால் தலைமை ஆசிரியருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். தெருவில் நின்று சண்டை போட வேண்டியதில்லை. மற்றப் பிள்ளைகள் ஜெபிக்கிற நேரத்தில் நம் பிள்ளை சிரிக்காமல், பேசாமல் இருக்க வேண்டும். அதையும் நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நன்றியும் மறக்கக் கூடாது. நம் ஊர்ப்பக்கம் எழுத்தறிவு பரவியதில் மிஷன் பள்ளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அய்யா பிறந்த அதே 1809-ல்தான் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியப் பாதிரியார் மயிலாடியில் பள்ளி தொடங்கினார். படிப்பு மறுக்கப்பட்டிருந்த வீடுகளின் பிள்ளைகள் அப்படிப்பட்ட பள்ளிகளில் எழுத்து படித்தார்கள். அந்த நன்றி நெஞ்சில் இருக்கட்டும். நம் வழிபாட்டை விட்டுக்கொடுக்காமலே நன்றியோடு இருக்க முடியும்.

இரண்டு விதமான படிப்பு

சமயத்தைப் பற்றிப் படிப்பது ஒன்று. சமயத்தில் நின்று வழிபடப் படிப்பது இன்னொன்று. எந்தச் சமயத்தார் எதை நம்புகிறார்கள், எப்படி வணங்குகிறார்கள், அவர்கள் வரலாறு என்ன என்று எல்லாப் பிள்ளைகளும் பள்ளியில் படிக்கலாம். 1964 முதல் 1966 வரை வேலை செய்த கோத்தாரி கல்விக் குழுவும் இந்த வேறுபாட்டைச் சொல்லி, உலகச் சமயங்களைப் பற்றிய பாடம் இருக்கலாம் என்றது. 2002-ல் உச்சநீதிமன்றமும், சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது 28-ஆம் பிரிவு தடுக்கும் சமய போதனை ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது.

அப்படிக் கற்பிக்கும் ஆசிரியர் “நம்புகிறார்கள்” என்ற சொல்லை மறக்கக் கூடாது. “இயேசுவைக் கடவுளின் மகன் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள்” என்று நம் பிள்ளை பரீட்சையில் எழுதலாம், அதில் பொய் இல்லை. “முகமது நபியை இறுதித் தூதர் என்று இஸ்லாமியர்கள் நம்புகிறார்கள்” என்றும் எழுதலாம். நம் பிள்ளை தன்னுடைய நம்பிக்கையாக எழுதினால்தான் மதிப்பெண் என்று வந்தால் அது படிப்பின் எல்லையைத் தாண்டிவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரன் எதை வணங்குகிறான் என்று தெரியாமல் வளர்கிற பிள்ளை, வதந்தியைச் சுலபமாக நம்பிவிடும். 1982-ல் மண்டைக்காட்டில் தொடங்கிய கலவரத்தை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். ஒரே கடலை நம்பிப் பிழைக்கிறவர்களும் ஒரே சந்தையில் வாங்குகிறவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்த நாட்கள் அவை. ஆகவே மற்றச் சமயங்களைப் பற்றிப் பள்ளியில் நேர்மையாகச் சொல்லிக் கொடுப்பதை நாம் வரவேற்க வேண்டும்.

பாடப்புத்தகத்தில் அய்யா

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தில், 19-ஆம் நூற்றாண்டின் சமூக, சமயச் சீர்திருத்த இயக்கங்களைப் பற்றிய பாடத்தில், வள்ளலார், அயோத்திதாசர் ஆகியோரோடு வைகுண்ட சுவாமிகளும் வருகிறார். அவதாரம் என்று எழுதவில்லையே என்று சிலருக்கு வருத்தம். கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம். அந்தப் புத்தகத்தை நம் பிள்ளையும் படிக்கிறது, பள்ளிவாசலுக்குப் போகிற பிள்ளையும் படிக்கிறது. அய்யா தலைப்பாகை கட்டச் சொன்னதும், முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக நீராட வைத்ததும், திருவிதாங்கூர் அரசு அவரைச் சிறை வைத்ததும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள். வைகுண்ட அவதாரம் என்பது நம் நெஞ்சில் இருக்கிற நம்பிக்கை. இன்னொரு சமயத்துப் பிள்ளையை மதிப்பெண்ணுக்காக அதை எழுத வைத்தால் அய்யாவுக்கு அதில் என்ன மகிமை?

நாம் கேட்கக்கூடியது ஒன்று உண்டு. “அவர் வழி வந்த மக்கள் அவரை அவதாரமாக வழிபடுகிறார்கள்” என்பதை வகுப்பில் ஆசிரியர் சேர்த்துச் சொல்லலாம். அதுவும் உண்மைச் செய்திதான். நம் பிள்ளைக்கும் இப்படிச் சொல்லுங்கள்: “புத்தகத்தில் இருப்பது அய்யா செய்த வேலை. தாங்கலில் நீ கேட்பது அய்யா யார் என்பது. இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதம் இல்லை.”

நமக்கும் அதே அளவுகோல்

மற்றவர்களுக்குச் சொன்னது நமக்கும் பொருந்தும். நம் மக்கள் பொறுப்பில் ஒரு பள்ளி நடந்தால், அங்கே படிக்கும் கிறிஸ்தவப் பிள்ளையின் நெற்றியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் நாமம் இடக் கூடாது. அய்யாவின் பெயரைக் கட்டாயத்தால் யாரையும் சொல்ல வைக்கக் கூடாது. கட்டாயமாகக் காணிக்கை வாங்குவதையும், பேய் என்றும் பிசாசு என்றும் பயம் காட்டி ஏழைகளை அடக்குவதையும் அய்யா ஒதுக்கச் சொன்னார். பயம் காட்டிப் பக்தி வளர்ப்பது அவர் வழியில் வந்தவர்களுக்குப் பொருந்தாது.

தாங்கலின் கடமை

வழிபடக் கற்றுக் கொடுப்பது பள்ளியின் வேலை இல்லை என்றால், அது வீட்டுக்கும் தாங்கலுக்கும் உரிய வேலை. ஆதியில் நிழல் தாங்கல்களில் எழுத்தும் படிப்பும் சொல்லிக் கொடுத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இன்று எத்தனை தாங்கல்களில் பிள்ளைகள் உட்கார ஒரு பாய் விரிக்கிறோம்?

“உங்கள் பதியில் சிலை இல்லையாமே, வெறும் கண்ணாடிதானாமே?” என்று கூடப் படிக்கிறவன் கேட்டால் நம் பிள்ளைக்குப் பதில் தெரிய வேண்டும். தெரியாத பிள்ளை வெட்கப்படுகிறது. பிறகு பள்ளி வாசலில் நாமத்தைத் துடைத்துவிட்டு உள்ளே போகிறது. அந்தக் குறைக்குப் பள்ளிக்கூடத்தின் மேல் பழி போட முடியாது. தாங்கலில் செய்யக்கூடியவை நான்கு.

முதலாவது, செய்வதற்குப் பொருள் சொல்லுங்கள். கண்ணாடியின் முன் நிற்கும்போது தெரிவது உன் உருவம், இறைவன் உனக்குள்ளும் இருக்கிறார் என்று சொல்லுங்கள். நாமம் சுடர் வடிவம் என்று சொல்லுங்கள். ஒரு காலத்தில் நம் முன்னோருக்குத் தலைப்பாகை மறுக்கப்பட்டது, அதனால்தான் அய்யா தலைப்பாகையோடு வணங்கச் சொன்னார் என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, திருஏட்டை வாசிக்க வையுங்கள். 1841-ல் அரிகோபாலன் சீடர் எழுதிய அகிலத்திரட்டு அம்மானை பிள்ளைக்கு ஒரேயடியாகப் புரியாது. வாரம் பத்து வரி போதும். வாசித்த பிறகு கதையைப் பிள்ளையே தன் சொல்லில் திரும்பச் சொல்லட்டும்.

மூன்றாவது, பணிவிடையில் சேருங்கள். முற்றம் தூக்கட்டும், தண்ணீர் கோரட்டும், பந்தியில் பரிமாறட்டும். விழுந்து கிடப்பவரைத் தூக்கி விடுவதே தர்மம் என்ற அய்யாவின் போதனை, சோறு பரிமாறும் கைக்குச் சீக்கிரம் புரியும்.

நான்காவது, கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். பதில் தெரியாவிட்டால் பெரியவர்களிடம் கேட்டு அடுத்த வாரம் சொல்லுங்கள். அதட்டினால் கேள்வி போய்விடாது, அந்தப் பிள்ளை தாங்கலுக்கு வருவதுதான் நின்றுபோகும்.

வீட்டில் பிள்ளைகளோடு பேச:

1. முத்திரிக்கிணற்றில் எல்லாரும் ஒன்றாக நீராடியது அந்தக் காலத்தில் ஏன் பெரிய காரியம்?
2. உன் வகுப்பில் வேறு சமயத்து நண்பர் யார்? அவர் வழிபாட்டைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?
3. நம் பள்ளியறையில் கண்ணாடி ஏன் என்று அவர் கேட்டால் என்ன சொல்வாய்?

மூன்றாவது கேள்விக்குப் பிள்ளை தயங்கினால், வரும் ஞாயிற்றுக்கிழமை கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள். பாய் விரித்து வைத்திருப்போம்.

அய்யா உண்டு.