மீட்டர் சொன்ன பாதி உண்மை

சேவுகம்பட்டியில் சித்தப்பா வீட்டில் நம்பர் பட்டன் வைத்த திருட்டு அலாரம் இருக்கிறது. "கரண்டு போனா இதுவும் சேர்ந்து படுத்துக்குதுடா, கொஞ்சம் பாரேன்" என்றார். பேட்டரி ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தேன், 12.6 வோல்ட். "பேட்டரி நல்லாத்தான் இருக்கு சித்தப்பா" என்று பெருமையாகச் சொன்னேன். அன்றிரவே கரண்ட் போனது. சற்று நேரத்தில் அலாரமும் அணைந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது.

மறுநாள் 21 வாட் கார் இண்டிகேட்டர் பல்பை அதே பேட்டரியில் இணைத்தேன். சுமார் 1.75 ஆம்பியர் லோடு. ஒரே நிமிடத்தில் மீட்டர் 9 வோல்ட்டுக்கு இறங்கியது! தகடுகளில் ஸல்பேட் படிந்து உள்மின்தடை கூடியிருந்தது. லோடு இல்லாமல் பார்க்கும் வோல்ட்டேஜ் பேட்டரியின் பலத்தைச் சொல்லாது என்பதே நான் கற்ற பாடம்.

நண்பர்களே, இவற்றையும் கவனியுங்கள்:

1. 12 வோல்ட் சீல்டு லெட் ஆசிட் பேட்டரிக்குத் தொடர் சார்ஜ் 13.5 முதல் 13.8 வோல்ட். கூடினால் உள்ளே நீர் வற்றும். குறைந்தால் ஸல்பேட் படியும்.

2. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். வெயில் காயும் மேற்குச் சுவரில் பெட்டியை மாட்டாதீர்கள்.

3. மாதம் ஒருமுறை மெயினை அணைத்து, அலாரம் அரை மணி நேரமாவது ஓடுகிறதா என்று பாருங்கள்.

புது பேட்டரி மாட்டியாகிவிட்டது. ஆனாலும் சித்தப்பா வாசலில் தொங்கும் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டைக் கழற்றவில்லை. அதற்குச் சார்ஜ் வேண்டாமே! நானும் கழற்றச் சொல்லவில்லை.