முன்பெருக்கிக்குப் பொருத்தம் பார்த்தல்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

எங்கள் தெருவில் மைக்செட் வாடகைக்கு விடும் மாமா ஒருவர் இருக்கிறார். ஊர்ப் பந்தல்களிலெல்லாம் பாட்டுப் போட்டவர், தம்மிடமுள்ள பழைய எல்.பி. இசைத்தட்டுகளை வீட்டில் அமர்ந்து ஸ்டீரியோவில் கேட்க ஆசைப்பட்டார். தட்டுச் சுழற்றியும், திறன்பெருக்கியும், இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளும் அவரிடமே இருந்தன. "தம்பி, நீதான் பிசிக்ஸ் படிக்கிறியே, இதுக்கு ஏத்த பிரீ-ஆம்ப் எதுன்னு சொல்லு" என்றார். சொன்னேன். இரண்டு கல்யாணத்து வாடகைப் பணத்தில் அதை வாங்கியும் விட்டார்.

முன்பெருக்கியில் 'போனோ' என்று எழுதியிருந்த துளையில் தட்டுச் சுழற்றியை இணைத்தோம். பாட்டு கிழிந்த பறைபோல் ஒலித்தது. 'ஆக்ஸ்' துளைக்கு மாற்றினோம். கிழிசல் போயிற்று, ஆனால் மிருதங்கத்தின் தொப்பியும் உடன் போயிற்று. குரல் மட்டும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்து வந்தது. நான் விடவில்லை. முதலாண்டில் படித்த பெருமத் திறன் மாற்றத் தேற்றம் நினைவுக்கு வந்தது. மூலத்தின் மின்னெதிர்ப்பும் பளுவின் மின்னெதிர்ப்பும் சமமாக இருந்தால்தானே பொருத்தம்? முன்பெருக்கியின் வெளியீட்டு மின்னெதிர்ப்பு 1 கிலோஓம். திறன்பெருக்கியின் உள்ளீடோ 22 கிலோஓம். ஆகவே அந்த உள்ளீட்டின் குறுக்கே 1 கிலோஓம் மின்தடை ஒன்றைப் பற்றவைத்தேன். "என்ன தம்பி, இருந்த சத்தமும் பாதியாப் போச்சே!" என்றார் மாமா.

சரியாகவே சொன்னார். இரண்டு சம மின்தடைகள் தொடரில் நின்றால் மின்னழுத்தம் பாதியாகப் பிரியும் என்பது பள்ளிப் பாடம். தேற்றத்தில் பிழையில்லை, அதைக் கொண்டுபோய் வைத்த இடம்தான் பிழை. முன்பெருக்கி அடுத்த கட்டத்துக்குத் தரவேண்டியது திறன் அன்று, மின்னழுத்தம். அதற்குப் பெறுபவரின் மின்னெதிர்ப்பு தருபவருடையதைப்போல் குறைந்தது பத்து மடங்காவது இருக்க வேண்டும். 1 கிலோஓமுக்கு 22 கிலோஓம் என்னும்போது 100-க்கு 96 பங்கு மின்னழுத்தம் போய்ச் சேருகிறது. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். இங்கே பத்து மடங்கு என்னும் ஒரு பொருத்தம் போதும். நான் பற்றவைத்ததை அன்றே எடுத்துவிட்டேன்.

ஆனால் மெலிந்த ஒலி அப்படியே இருந்தது. குறை இன்னொரு முனையில், அதாவது ஊசியின் பக்கத்தில் இருந்தது. இசைத்தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜில் முக்கியமாக இரண்டு இனங்கள் உண்டு. காந்த இனம் தருவது ஏறக்குறைய 5 மில்லிவோல்ட். அதற்கு வேண்டிய பளு 47 கிலோஓம். தட்டில் தாழ்ந்த சுரங்களைக் குறுக்கியும் உயர்ந்த சுரங்களைப் பெருக்கியும் பதிந்திருப்பதால், 1954-இல் வகுக்கப்பட்ட ஆர்.ஐ.ஏ.ஏ. நியமப்படி முன்பெருக்கி அதை நேர்மாறாகத் திருத்தவும் வேண்டும். 'போனோ' துளை இந்த இனத்துக்கே உரியது. அங்கே 5 மில்லிவோல்ட் 100 மடங்காகி அரை வோல்ட் ஆகும். அடுத்த கட்டத்தில் இரு மடங்காகி 1 வோல்ட். திறன்பெருக்கியில் 20 மடங்காகி 20 வோல்ட். 8 ஓம் ஒலிபெருக்கியில் அது 50 வாட். மொத்தப் பெருக்கம் 4000 என்பதைக் கவனிக்க வேண்டும். வாசலில் நுழையும் ஒரு மைக்ரோவோல்ட் இரைச்சல் கடைசியில் 4 மில்லிவோல்ட் ஆகிவிடும். முன்பெருக்கி வாங்குவோர் மற்றெதற்கும் முன்பாக அதன் முதற்கட்டத்தின் இரைச்சலைக் கேட்டறிய வேண்டும் என்பது என் கருத்து. முகப்பின் விளக்குகளுக்குக் கொடுக்கும் காசு வீண்.

மாமாவுடையது பீங்கான் இனம். பழைய சிறிய பெட்டிகளில் பெரும்பாலும் இதுவே இருக்கும். இது ஒரு மின்தேக்கியைப் போன்றது. சில நூறு மில்லிவோல்ட் தரும். திருத்தமும் பெரும்பாலும் வேண்டியதில்லை. ஐந்துக்கென்று அமைந்த 'போனோ' வாசலில் அதைவிடப் பல மடங்கு நுழைந்ததால்தான் அலைகளின் முகடுகள் வெட்டுண்டு பாட்டு கிழிந்தது. 'ஆக்ஸ்' துளையிலோ அளவு சரி, மின்னெதிர்ப்பு சரியில்லை. கார்ட்ரிட்ஜின் மின்தேக்குத்திறன் 800 பிக்கோபாரட் என்று கொண்டால், 47 கிலோஓமுடன் சேரும்போது சுமார் 4200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் தேயத் தொடங்கும். 100 ஹெர்ட்ஸில் நாற்பதில் ஒரு பங்குகூட மிஞ்சாது. தொப்பியின் ஒலி போன வழி இதுதான். இதே கணக்கில் 2.2 மெகாஓம் இட்டுப் பாருங்கள். எல்லை 90 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது.

ஆய்வகத்தில் ஆசிரியரின் அனுமதியுடன் அலைவு இயற்றியையும் 800 பிக்கோபாரட் மின்தேக்கியையும் தொடரில் வைத்து, அலைவுகாட்டியில் இதைச் சரிபார்த்தேன். பிறகு டி.எல்.072 என்னும் ஐ.சி. ஒன்றை வாங்கினேன். எட்டுக் கால்களுக்குள் இரண்டு பெருக்கிகள்: ஒன்று இடத்துக்கு, ஒன்று வலத்துக்கு. உள்ளீட்டில் 2.2 மெகாஓம், வெளியீட்டில் 100 ஓம், 9 வோல்ட் பாட்டரி இரண்டு. பெருக்கம் வெறும் ஒன்று. பெருக்காத பெருக்கி எதற்கு என்று விடுதி நண்பன் சிரித்தான். அது பெரிய மின்னெதிர்ப்பில் வாங்கிச் சிறிய மின்னெதிர்ப்பில் கொடுக்கிறது, வேண்டியதும் அவ்வளவே.

அவனே இன்னொன்றும் கேட்டான். 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டுக் கருவி 2 வோல்ட் தருகிறதே, திறன்பெருக்கிக்கு 1 வோல்ட் போதுமே, இடையில் முன்பெருக்கி ஏன்? ஒலியளவுக் குமிழ் ஒன்றே போதும்தான், கம்பி குட்டையாக இருந்தால். 100 கிலோஓம் குமிழை மின்னழுத்தம் பாதியாகும் இடத்தில் வைத்தால் அதன் வெளியீட்டு மின்னெதிர்ப்பு 25 கிலோஓம். மீட்டருக்கு 100 பிக்கோபாரட் உள்ள கம்பியை, மாமாவின் பழக்கப்படி, 10 மீட்டர் இழுத்தால் 6400 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி மங்கும். ஜாலராவின் மினுக்கம் போய்விடும்.

ஞாயிறன்று கார்ட்ரிட்ஜுக்கும் 'ஆக்ஸ்' துளைக்கும் நடுவே என் சிறு பெட்டியை வைத்தோம். முதல் தட்டிலேயே தொப்பி பேசியது. மாமா ஒன்றும் சொல்லாமல் தட்டைத் திருப்பிப் போட்டார். பாட்டில்லாத இடைவெளியில் இடப்பக்கம் மட்டும் 50 ஹெர்ட்ஸ் ஊமை முனகல் கேட்கிறது. கவசக் கம்பியின் வலை ஒரு முனையில் விட்டுப்போயிருக்கும் என்று நினைக்கிறேன். பற்றவைப்புக் கோலுடன் அடுத்த வாரம் மறுபடி போக வேண்டும்.