ஜாப் கார்டில் ஏறாத கோளாறு

அலிபிரி சுங்கச்சாவடியைத் தாண்டிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பின் சீட்டில் அம்மா மடியில் தேங்காய்க் கூடை. வண்டி ஒரு வளைவில் மெதுவாக ஏறும்போது அடிவயிற்றிலிருந்து உதறியது. கூடைக்குள் இருந்த இரண்டு தேங்காயும் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று சத்தம் போட்டன. சாலையில் குழி இல்லை, கல் இல்லை. அம்மா கூடையைக் கையால் அணைத்துக்கொண்டு, "புது வண்டிதானேப்பா?" என்றார்.

புது வண்டிதான். 2023 விஜயதசமி அன்று திருப்பதி ஷோரூமில் எடுத்தது. ஆன்ரோடு விலை 13 லட்சத்து 40 ஆயிரம். சித்தூர்க்காரர்கள் எல்லாரும் செய்வதுபோல நேராகக் காணிப்பாக்கம் போய்ப் பூஜை போட்டுவிட்டுத்தான் வீட்டு வாசலில் நிறுத்தினோம். திருமலை ஏற்றத்தில் அது உதறிய அன்று ஓடோமீட்டரில் 3,100 கிலோமீட்டர்.

இன்சூரன்ஸ், ஃபாஸ்டாக், ஆர்.சி., முதல் சர்வீஸ் பற்றியெல்லாம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். நான் எழுத வந்தது ஒரே ஒரு தவறைப் பற்றி. அந்தத் தவறால்தான் எனக்கு ஒன்றரை மாதச் சண்டையும் இரண்டு மாதம் வண்டி இல்லாத அலைச்சலும் வந்தன.

மறுநாளே ரேணிகுண்டா சாலையில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். சர்வீஸ் அட்வைசர் தானே வண்டியை எடுத்து ஒரு சுற்று ஓட்டினார். "ஏமீ லேது சார், கொத்த பண்டி, செட் அவுதுந்தி" என்றார். ஒன்றுமில்லை, புது வண்டி, போகப்போகச் சரியாகிவிடும் என்று அர்த்தம். லேப்டாப்பை மாட்டி நாற்பது நிமிடம் ஏதோ செய்தார்கள். கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். ஜாப் கார்டு என்ற புகார்ப் பதிவுத் தாளை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். அதில் எழுதியிருந்தது என்ன என்று அப்போது நான் படிக்கவில்லை. 'ஜெனரல் செக்கப், வாட்டர் வாஷ்.' அவ்வளவுதான். உதறல் என்ற சொல்லே இல்லை. கியர்பாக்ஸ் என்ற சொல்லும் இல்லை.

மார்ச் மாதம் 5,400 கிலோமீட்டரில் இரண்டாவது முறை போனேன். ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டி எகிறியது. இந்தத் தடவை ஜாப் கார்டே போடவில்லை. "அரைமணி நேர வேலைக்கு எதுக்கு சார்? சாஃப்ட்வேர் அப்டேட்தான்" என்றார்கள். கையில் கிடைத்தது வாட்ச்மேனிடம் கொடுக்க வேண்டிய கேட் பாஸ் ஒன்றுதான். அதையும் வாசலில் வாங்கிக்கொண்டார்கள்.

மே மாதம், இரவு ஒன்பது மணி. திருப்பதியில் ஒரு கல்யாண ரிசப்ஷன் முடிந்து சித்தூர் திரும்பிக்கொண்டிருந்தோம். சந்திரகிரி தாண்டி, பூதலப்பட்டுக்கு முன்னால், டேஷ்போர்டில் கியர் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. பிறகு வண்டி ஒன்றாம் கியரையும் மூன்றாம் கியரையும் மட்டும் பிடித்தது. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு பக்கத்தில் உரசிப் போகின்றன. மகள் என் சீட்டின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, ஓரமா நிறுத்திடுங்க, போதும்" என்றாள் மனைவி. நிறுத்தினேன். டோ வண்டி வர இரண்டே கால் மணி நேரம் ஆனது. ஓடோமீட்டரில் 8,912.

ஒரு வாரம் கழித்துக் கம்பெனியிடமிருந்து மெயில் வந்தது. அதைப் படித்த எரிச்சல் எனக்கு இன்றும் தீரவில்லை. "தங்கள் வாகனத்தில் கியர்பாக்ஸ் தொடர்பான முதல் புகார் 8,912 கி.மீ.-இல் பதிவாகியுள்ளது. மலைப்பாதையில் தொடர்ந்து ஓட்டிய விதத்தால் கிளட்ச் தேய்ந்துள்ளது. கிளட்ச் தேய்மானப் பாகம் என்பதால் வாரண்டியில் வராது." செலவு மதிப்பீடு 1 லட்சத்து 86 ஆயிரம் ரூபாய்.

முதல் புகாராம்! ஜனவரியில் போனேன், மார்ச்சில் போனேன். இரண்டு முறையும் வாயால் சொன்னேன், அவர்களும் வாயாலேயே பதில் சொன்னார்கள். காகிதத்தில் நான் வந்ததே வண்டி கழுவத்தான்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர் இருக்கிறார். ஆத்திரத்தில் அவரிடம் போய், "அந்த அட்வைசரைக் காணிப்பாக்கத்துக்குக் கூப்பிடுகிறேன் சார், பிள்ளையார் முன்னால் சத்தியம் பண்ணட்டும்" என்றேன். எங்கள் பக்கத்தில் பொய் சத்தியத்துக்குப் பயப்படாதவனும் காணிப்பாக்கம் என்றால் பயப்படுவான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சத்தியம் அங்கே செல்லும் தம்பி. வாரண்டிக்குக் காகிதம்தான் செல்லும். எத்தனை ஜாப் கார்டு வைத்திருக்கிறாய்?" என்னிடம் இருந்தது ஒன்று. அதிலும் வாட்டர் வாஷ்.

ஓட்டிய விதம் என்று சொன்னார்களே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். என் வண்டியில் இருப்பது டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக். கிளட்ச் இரண்டு. ஒன்று 1, 3, 5 போன்ற ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றது 2, 4, 6 என்ற இரட்டைப்படை கியர்களுக்கு. காலால் மிதிக்கும் கிளட்ச் பெடல் கிடையாது. மெக்கட்ரானிக்ஸ் என்ற ஒரு பெட்டி, கம்ப்யூட்டர் கட்டளைப்படி கிளட்சைப் பிடித்து விடுகிறது. இதில் எண்ணெயில் நனையும் கிளட்ச் ஒரு வகை, உலர் கிளட்ச் இன்னொரு வகை. என்னுடையது உலர் வகை. நெரிசலில் ஊர்ந்து போகும்போதும் ஏற்றத்தில் மெதுவாக நகரும்போதும் கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசுகிறது, சூடாகிறது. எண்ணெய் இல்லாததால் சூடு சீக்கிரம் இறங்குவதில்லை. பாதி கிளட்சில் ஓட்டியது நான் இல்லை, அந்தக் கம்ப்யூட்டர்தான். என் கால் இருந்தது ஆக்ஸிலேட்டரிலும் பிரேக்கிலும் மட்டும்.

வேகமாக ஏறினேன் என்றும் சொல்ல முடியாது. திருமலைக்கு ஏறும் பாதை 1974-ல் திறந்தது. அதில் 28 நிமிடத்துக்குள் மேலே போய்விடக் கூடாது என்று தேவஸ்தானமே கட்டுப்பாடு வைத்திருக்கிறது, இறங்க 40 நிமிடம். திருப்பதி ஷோரூமில் ஒரு குடும்ப வண்டியை விற்பவர்களுக்கு, அந்தக் குடும்பம் மலை ஏறும் என்று தெரியாதா? மலை ஏறுவது முறைகேடான உபயோகம் என்றால் அதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

ஓட்டிய விதம்தான் காரணம் என்ற இந்தப் பல்லவி உலகம் முழுக்கப் பாடப்பட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு நிறுவனம் தன் பவர்ஷிஃப்ட் டூயல் கிளட்ச் வண்டிகளின் உதறலைப் பற்றிப் புகார் சொன்னவர்களிடம், அது நீங்கள் ஓட்டும் விதம் என்று பல முறை சொல்லியிருக்கிறது. 2018 ஏப்ரலில் அந்த நாட்டு ஃபெடரல் நீதிமன்றம், புகார்களைக் கையாண்ட முறைக்காக அந்த நிறுவனத்துக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. சீனாவில் 2013-ல் ஃபோக்ஸ்வாகன் தன் டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ் கோளாறுக்காக 3,84,181 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இதையெல்லாம் படித்த இரவுதான் என் மனசில் இருந்த குற்ற உணர்ச்சி போனது. அதுவரை நானே ஏதோ தப்பாக ஓட்டிவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குற்ற உணர்ச்சி போனாலும் சாட்சி வேண்டுமே. வீட்டில் இருந்த எல்லாவற்றையும் கொட்டித் தேடினேன். அலிபிரி ரசீது, பணப்பையின் உள் மடிப்பில் கிடைத்தது, ஜனவரித் தேதியோடு. மார்ச்சில் அட்வைசருக்கு நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியது: "வண்டி மறுபடி உதறுது, இன்னிக்கி கொண்டு வரட்டுமா?" அவர் பதில்: "தீஸ்கு ரண்டி சார்." கொண்டு வாருங்கள் என்ற அந்த ஒற்றை வரிதான் என்னைக் காப்பாற்றியது. மறுபடி என்ற சொல் அதில் இருந்ததல்லவா! அடுத்து, சித்தூரில் பழைய மெக்கானிக் ஒருவர் ஒரு வழி காட்டினார். "லேப்டாப் மாட்டினாங்கன்னா அது எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர்னு கம்பெனி கம்ப்யூட்டர்ல பதிவு இருக்கும்ணா. அதைக் கேளுங்க." வக்கீல் நோட்டீஸில் அதையே கேட்டோம்: ஜனவரியிலும் மார்ச்சிலும் எடுத்த கம்ப்யூட்டர் பதிவுகளின் நகல் தரவும்.

நோட்டீஸ் போன 23-ஆம் நாள் கம்பெனி ஆள் பேசினார். இரண்டு கிளட்சும் மெக்கட்ரானிக்ஸ் பெட்டியும் ஒரு ரூபாய் வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். கியர்பாக்ஸுக்கு மட்டும் கூடுதலாக இரண்டு வருட வாரண்டி, லெட்டர்ஹெட்டில் எழுதி, சீல் வைத்து. வண்டி இல்லாத நாட்களில் அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன டாக்சி வாடகை மட்டும் வரவில்லை. வண்டியையே மாற்றிக் கேட்டேன், கிடைக்கவில்லை. ஜனவரியும் மார்ச்சும் ஜாப் கார்டில் ஏறியிருந்தால், மூன்று முறை பழுது பார்த்தும் தீராத கோளாறு என்று சொல்லியிருக்கலாம். காகிதக் கணக்கில் எனக்கு நடந்தது ஒரே ஒரு பழுது.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. கிளட்ச் கோளாறு பற்றிய ஒரு வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், வாரண்டி என்பது கெட்டுப்போன பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோ மட்டும்தான், அதை வைத்து முழு வண்டியைக் கேட்க முடியாது என்றது. 2010-ல் இன்னொரு வழக்கில், சார்பில்லாத நிபுணர் ஒருவர் சோதித்து, உற்பத்தியிலேயே குறை என்று சொன்னால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றது. உற்பத்திக் குறை என்று நிரூபிக்க முதல் சாட்சி, முதல் நாளிலிருந்தே கோளாறு இருந்தது என்ற பதிவு.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. ஜாப் கார்டில் உங்கள் புகாரை உங்கள் கையால் எழுதுங்கள். 'கியர் பிராப்ளம்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். "ஏற்றத்தில், இரண்டாம் கியரில், 15 முதல் 20 கி.மீ. வேகத்தில், அரைமணி நேரம் ஓடிய பிறகு வண்டி உதறுகிறது" என்று எழுதுங்கள். தேதியும் ஓடோமீட்டரும் ஒரே படத்தில் வரும்படி போட்டோ எடுங்கள். ஜாப் கார்டு தேவையில்லை என்றால், தேவை என்று சொல்லி அங்கேயே நில்லுங்கள். அன்று மாலையே அதே வார்த்தைகளைக் கம்பெனிக்கு மெயிலில் அனுப்புங்கள்.

சமதரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றால் ஏற்காதீர்கள். ரேணிகுண்டா சாலையில் எந்த வண்டியும் உதறாது. நான் கடைசியில் டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்காரவைத்து மலைப்பாதைக்கே கூட்டிப் போனேன். நாலாவது வளைவில் அவரே டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது 'திருப்தி' என்ற இடத்தில் ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். விளக்கு எரிந்தால் ஓட்டாதீர்கள், வெளி மெக்கானிக்கைத் திறக்க விடாதீர்கள். இரண்டுமே அவர்கள் கையில் ஆயுதமாகும்.

மீதியெல்லாம் சுலபம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார்ப் பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஷோரூம் திருப்பதியில், கம்பெனி வேறு மாநிலத்தில் என்றாலும் சித்தூர்க்காரர் சித்தூரிலேயே போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 10 முதல் 20 லட்சம் வரை உள்ள வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 2021 ஏப்ரல் முதல் ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளின் குறையை மத்திய அரசின் வாகன் தளத்திலும் பதியலாம். ஒரே குறையைப் பலர் பதிந்தால் கட்டாயமாகத் திரும்ப அழைக்கச் சொல்ல அரசுக்கு அதிகாரம் உண்டு. சோம்பல்படாமல் பதியுங்கள், அடுத்தவன் குடும்பம் பூதலப்பட்டு இருட்டில் நிற்காமல் இருக்கும்.

கடைசியாக என் மச்சானுக்கு. "மேனுவல் வாங்குன்னு அப்பவே சொன்னேனே" என்று ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனது அவருக்குத் தெரியும். கிளட்ச் மிதிக்க முடியாமல்தான் பழைய வண்டியை விற்றேன். என் மனைவி இந்த வண்டியில்தான் தைரியமாக ஸ்டியரிங் பிடித்தாள், இன்று தனியாக வேலூர் வரை போய் வருகிறாள். ஆட்டோமேட்டிக் வாங்கியது தப்பே இல்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டதுதான் தப்பு. மேனுவல் வண்டி கெட்டிருந்தாலும் அந்த வாட்டர் வாஷ் தாளை வைத்துக்கொண்டு இதே இடத்தில்தான் நின்றிருப்பேன்.

வண்டி இப்போது 31,000 கிலோமீட்டர் தாண்டி நன்றாக ஓடுகிறது. சர்வீஸுக்கு அதே இடத்துக்குத்தான் போகிறேன், அதே அட்வைசர்தான். நான் உள்ளே நுழைந்ததும் அவர் ஜாப் கார்டை என் பக்கம் திருப்பி வைத்துப் பேனாவை நீட்டுகிறார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக எழுதுகிறேன். எழுதியதை வாய்விட்டு ஒருமுறை படிக்கிறேன். பிறகுதான் கையெழுத்து.