கறுப்பா இருந்தா போதுமா?



எங்க ஊர் ஜவ்வாது மலையிலுள்ள நெல்லிவாசல்நாடு. மத்தியானம் அண்ணாந்து பார்த்தால் பருந்து இறக்கையை அசைக்காமலே வட்டமடித்து மேலே ஏறும். தரை சூடாகி மேலெழும் காற்றில் அது சவாரி செய்கிறது. என்ஜின் இல்லாத கிளைடர் விமானமும் அப்படித்தான் ஏறுகிறது. இந்தியாவிலேயே வடிவமைத்த 'ரோகிணி' என்ற இரண்டு இருக்கை கிளைடர் 1961-இல் பறந்தது.

என் ரூம்மேட்டுக்கு கிளைடர் ஓட்டணும்னு தீராத ஆசை. போன லீவில் எங்க ஊருக்கு வந்தவன், வழியில் பிளாட்பாரக் கடையில் 100 ரூபாய்க்கு ஒரு கூலிங் கிளாஸ் வாங்கி வந்தான். "நல்லா கறுப்பா இருக்கு மச்சான், சூரியனையே பார்க்கலாம்!" என்றான். எனக்குப் பகீரென்றது.

எந்தக் கூலிங் கிளாஸ் போட்டாலும் சூரியனை நேரே பார்க்கவே கூடாது. அடுத்தது, கறுப்பு வேறு, பாதுகாப்பு வேறு. கண்ணுக்குக் கெடுதல் செய்வதில் முக்கியமானது நமக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். கறுப்புக் கண்ணாடி போட்டால் இருட்டுக்கு ஏற்ப கண்மணி விரியும். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுக்காவிட்டால், விரிந்த வாசல் வழியே கூடுதலாக உள்ளே போகும். பல வருஷம் இப்படிப் பட்டால் கண்புரை வரும் ஆபத்து கூடும். 1000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீதம் வீதம் இந்தக் கதிர் அதிகமாகிறது. இதே மலையிலுள்ள காவலூர் வானாய்வகமே சுமார் 725 மீட்டர் உயரம். கிளைடர்க்காரரோ அதற்கும் மேலே, மணிக்கணக்கில் வெயிலில் இருப்பவர்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது?

1. 'யூவி 400' என்று இருக்கணும். ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீங்க. சோதிக்கும் மீட்டர் உள்ள கண்ணாடிக் கடையில் காட்டுங்க.

2. சாம்பல் நிறம் நல்லது. நிறங்களை மாற்றிக் காட்டாது. வெளிச்சத்தில் 15 சதவீதம் உள்ளே விட்டால் போதும். அதைவிடக் கறுப்பானால் மேக நிழலில் எதிரே வருவது தெரியாது.

3. போலரைஸ்டு வேண்டாம். தூரத்து விமானத்தைக் காட்டிக் கொடுப்பதே அதன் இறக்கையின் பளபளப்புதான். இது அதை மங்கலாக்கலாம். சில கருவிகளின் திரையும் இருண்டு தெரியும். செல்போன் முன் கண்ணாடியைப் பிடித்துத் திருப்புங்க; திரை இருண்டால் அது போலரைஸ்டு.

4. காதுப்பக்கக் கம்பி மெல்லிசாக இருக்கணும். பட்டையாக இருந்தால் பக்கவாட்டில் வரும் இன்னொரு கிளைடரை மறைத்துவிடும்.

அவன் கண்ணாடியைக் கடை மீட்டரில் வைத்தோம். புற ஊதாக் கதிர் தாராளமாகப் புகுந்தது! அவன் முகம் வாடிப் போச்சு. "பறக்கிறதுக்கு முன்னாடியே கண்ணைக் கெடுத்துக்கப் பார்த்தேனேடா!" என்றான். காசு சேர்த்து, சாம்பல் நிறத்தில் நல்லதாக ஒன்று வாங்கினான்.

பழையது வீணாகவில்லை. எங்க சாமைக் கொல்லைப் பொம்மை அதை மாட்டிக்கொண்டு ஜோராக நிற்கிறது. அதுக்குக் கண் இல்லை, பரவாயில்லை. நமக்கு இருப்பது இரண்டே கண்!