கப்பலுக்கு முன்னே போன கடிதம்

அன்புள்ள தமிழரசிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வெளிநாட்டு மாணவர்களோடு இணையவழிப் பரிமாற்றத் திட்டத்துக்குக் கல்லூரியில் பெயர் கேட்கிறார்களாம். "விமானம் ஏறிப் போனால்தானே சித்தி அனுபவம்? திரையில் பேசி என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டிருக்கிறாய். முதலில் பெயரைக் கொடு. காரணத்தைச் சொல்கிறேன்.

உன் ஊரான திருத்தணியில் 1888இல் பிறந்த தத்துவ அறிஞர் ராதாகிருஷ்ணன் 1926இல் ஆக்ஸ்போர்டிலும் ஹார்வர்டிலும் போய்ப் பேசினார். அவருடைய 'இந்தியத் தத்துவம்' முதல் தொகுதி 1923இலேயே லண்டனில் வெளிவந்துவிட்டது. ஆள் போவதற்கு முன்பே எழுத்து போய், கேட்பதற்கு ஆட்களைச் சேர்த்து வைத்திருந்தது. 1936இல் ஆக்ஸ்போர்டு அவரைப் பேராசிரியராகவே அமர்த்திக்கொண்டது.

அப்படியானால் பயணம் வேண்டாமா? வேண்டும். கணித மேதை ராமானுஜனைப் பார். 1913 ஜனவரியில் சென்னையிலிருந்து கணிதவியலாளர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம்தான் கேம்பிரிட்ஜின் கதவைத் திறந்தது. நிரூபணம் எங்கே என்று ஹார்டி கேட்டார். தபாலில் அது நிறைவாக அமையவில்லை. 1914இல் ராமானுஜன் கப்பலேறினார். அநேகமாக தினமும் புதுப்புதுத் தேற்றங்களோடு ஹார்டி முன் வந்து நின்றார். எண் பிரிவினை பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய 1918ஆம் ஆண்டுக் கட்டுரை அந்த நெருக்கத்தில் விளைந்தது. ஆனால் போர்க்காலம், குளிர், சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம்; அங்கேயே உடம்பும் கெட்டது. நேரில் போவதற்கு விலை உண்டு, கண்ணு. அதனால் எதற்காகப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் திரை. உன் ஊரையே எடுத்துக்கொள். திருத்தணி 1960இல்தான் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ் என்று வாழ்கிறவர்களை உனக்கே தெரியும். பெல்ஜியத்தில் டச்சும் பிரெஞ்சும் பக்கம் பக்கமாக வழங்குகின்றன. அங்கிருந்து ஒரு மாணவி கிடைத்தால், இருவரும் அவரவர் ஊர்ப் பாட்டிகளிடம் கேளுங்கள்: எந்த மொழியில் கணக்குப் போடுகிறார்கள், எதில் சாமி கும்பிடுகிறார்கள், கோபம் வந்தால் எதில் திட்டுகிறார்கள்? வாரம் ஒருமுறை எழுதியதை ஒப்பிடுங்கள். நீ கொடுக்கவும் வேண்டும், வாங்கவும் வேண்டும். அப்போதுதான் அது பரிமாற்றம்.

இத்தனைக்குப் பிறகும், அந்த ஊர்ச் சந்தையில் நின்று காதால் கேட்டால்தான் விளங்கும் என்று ஒரு கேள்வி மிஞ்சும். உன் பயண விண்ணப்பத்தின் முதல் வரி அதுவாக இருக்கட்டும். அதை எழுதி எனக்கு அனுப்பு. பாஸ்போர்ட் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
சித்தி