கிரீச்! பிரேக் ஏன் கத்துகிறது?



நம்ம ஊர்ப் பக்கத்து ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கு. அதில் இறங்கி வரும் சில வண்டிகள் பிரேக் பிடித்தால் 'கிரீச்'னு கத்தும். ஏன்?

கரும்பலகையில் சாக்பீஸ் கீச்சிடுவதைக் கேட்டிருப்பீர்கள். சாக்பீஸ் பலகையில் ஒட்டும், வழுக்கும், மறுபடி ஒட்டும். இது ஒரு நொடியில் பல நூறு முறை நடப்பதால் சத்தம் வருது. டிஸ்க் பிரேக்கிலும் இப்படித்தான். சக்கரத்தோடு சுழலும் உலோகத் தட்டை (டிஸ்க்) இரண்டு பேடுகள் இருபுறமும் கவ்வும்போது, தட்டு கோயில் மணி மாதிரி அதிர்கிறது. நொடிக்கு 1,000 முறைக்கு மேல் அதிர்ந்தால் 'கிரீச்' கேட்கும்.

இந்த அதிர்வு கண்ணுக்குத் தெரியாது. சுழலும், சூடான தட்டில் கருவியை ஒட்டவும் முடியாது. அப்போ எப்படி அளப்பது? ஒளியால்!

1. லேசர் அதிர்வுமானி: ஹாரன் அடித்தபடி வரும் பஸ் நம்மைத் தாண்டியதும் ஹாரன் சத்தம் கொஞ்சம் கட்டையாகிறது அல்லவா? இதுதான் டாப்ளர் விளைவு (1842). ஒளிக்கும் இது உண்டு. தட்டில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளியின் அதிர்வெண் சிறிது மாறும். அந்த மாற்றத்தை வைத்துத் தட்டின் அதிர்வு வேகத்தைக் கணக்கிடலாம்.

2. ஹோலோகிராபி: இதைக் கண்டுபிடித்த டென்னிஸ் கேபர் 1971-ல் நோபல் பரிசு பெற்றார். கண் இமைப்பதை விட மிகக் குறைந்த இடைவெளியில் இரண்டு லேசர் மின்னல்களால் தட்டைப் படம் பிடிப்பார்கள். படத்தில் கறுப்பு வெள்ளை வரிகள் தெரியும். ரூபி லேசர் என்றால், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் தட்டின் அசைவு சுமார் 0.35 மைக்ரோமீட்டர் வித்தியாசப்படும். இது தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய 200-ல் ஒரு பங்கு! 1978-லேயே ஜெர்மனியின் ஃபெல்ஸ்கே குழுவினர் கிரீச்சிடும் பிரேக்கை இப்படி ஆராய்ந்தார்கள்.

பயன் என்ன? எந்த இடம் அதிகம் அதிர்கிறது என்று தெரிந்தால், பேடின் ஓரத்தைச் சரிவாக வெட்டியோ, பின்னால் மெல்லிய தகடு வைத்தோ சத்தத்தைக் குறைக்கலாம். சாக்பீஸை உடைத்து, சாய்த்துப் பிடித்தால் பெரும்பாலும் கீச்சு நின்றுவிடுமே, அது மாதிரி!

எச்சரிக்கை! சத்தம் போகணும்னு டிஸ்க்கில் எண்ணெய் விடவே கூடாது. உராய்வு போனால் வண்டி நிற்காது. சில கார்களில் பேடு தேய்ந்ததைச் சொல்லவே ஒரு சிறு தகடு உரசிக் கத்தும். அதனால் பிரேக் கத்தினால் வீட்டில் சொல்லுங்கள், மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லுங்கள். மலை இறங்கும் முன்னாடியே!

சிந்தித்துப் பார்: நொடிக்கு 2,000 முறை அதிரும் தட்டு, ஒருமுறை அதிர எடுக்கும் நேரம் எவ்வளவு?